வெள்ளம் புகுந்த ஆலயத்தை மீட்டெடுத்தல்: மலையகச் சபைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையின் மலையகத்தைப் புரட்டிப்போட்டது. கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஆறுகள் பெருகின, மலைகள் சரிந்தன. நவம்பர் கடைசி என்றால் கிறிஸ்மஸுக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதற்குள் சேற்றைக் கழுவி, சுவருக்குப் புதிதாகச் சீமெந்து பூசி, வெள்ளையடித்து, பண்டிகை ஆராதனையைப் பழைய இடத்திலேயே நடத்திவிட வேண்டும் என்று ஒரு சபை துடிப்பது இயல்பு. எல்லாம் இழந்து நிற்கும் மக்களுக்கு ஆலயமாவது பழையபடி நிற்கிறது என்று காட்ட விரும்பும் அந்த மனத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய கல் ஆலயம் ஒன்றுக்கு, ஈரம் காயுமுன் பூசிய சீமெந்து செய்யும் கேடு, வெள்ளம் செய்த கேட்டை விட நீண்ட காலம் நிற்கும். இந்த வழிகாட்டியில் உள்ள ஒவ்வொரு படியும் அவசரத்தைத் தள்ளிவைப்பதற்கானது. அவசரமாகவே செய்ய வேண்டியவை இரண்டு: ஆட்களின் பாதுகாப்பும் பதிவேடுகளும்.

இன்னொன்று. சபையாரின் சொந்த வீடுகளில் இன்னும் சேறு கிடக்கும்போது ஆலயத்துக்குச் சிரமதானம் அறிவிக்க வேண்டாம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அறைகள் முதலில் துப்புரவாகட்டும். கல்சுவர் காத்திருக்கும்.

உள்ளே போகுமுன்

தண்ணீர் வடிந்ததும் கதவைத் திறக்க ஓடாதீர்கள். முதலில் ஆலயத்தைச் சுற்றியும், அதற்கு மேலே உள்ள சரிவு வரையும் நடந்து பாருங்கள். நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று, தெளிவாக ஓடிய ஊற்றில் திடீர்க் கலங்கல், திடீரென்று இறுகிப்போன கதவு. இவை மண்சரிவின் முன்னறிகுறிகள். ஒன்று தென்பட்டாலும் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு அறிவித்து, தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வைக் கேளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. ஆய்வு முடியும்வரை யாரும் உள்ளே போக வேண்டாம். 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய சரிவைப் பற்றி முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது என்பதை மலையகத்தார் மறக்கக் கூடாது.

அடுத்தது அத்திவாரம். வேகமாக ஓடிய தண்ணீர் மூலைகளிலும் படிக்கட்டுக்குக் கீழும் மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. குனிந்து, ஒரு நீண்ட கம்பியால் குத்திப் பாருங்கள். வெற்றிடம் இருந்தால் பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்காமல் கை வைக்க வேண்டாம். அரித்த அத்திவாரத்தை ஒரே மூச்சில் முழு நீளத்துக்கும் தோண்டினால் சுவர் இறங்கும். ஏறத்தாழ ஒரு மீற்றர் நீளத் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத்தான் அடைக்க வேண்டும்.

மெயின் சுவிட்ச் நனைந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். இணைப்பைத் துண்டிக்கும்படி மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். சேற்றில் இறங்குபவர்களுக்குப் பூட்ஸும் றப்பர் கையுறையும் கட்டாயம், ஏனெனில் எலிக்காய்ச்சல் வெள்ளச் சேற்றின் வழியாகவும் பரவும். தடுப்பு மருந்து தேவையா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் வேலை தொடங்குமுன் கேட்டுவிடுங்கள். காலில் புண் உள்ளவர்கள் சேற்றில் இறங்கவே வேண்டாம்.

முதல் இரண்டு நாட்கள் பதிவேடுகளுக்கு

பீடத்துணி, பித்தளைக் குத்துவிளக்கு, ஆர்மோனியம் எல்லாம் காத்திருக்கும். ஞானஸ்நானப் பதிவேடு, விவாகப் பதிவேடு, அடக்கப் பதிவேடு ஆகியவை காத்திருக்க மாட்டா. நனைந்த தாளில் 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

இந்த ஏடுகளின் பெறுமதி மலையகத்தில் வேறு எங்கும் இல்லாத அளவு பெரியது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களை இந்தியா, இலங்கை என்று இரு நாடுகளுக்குப் பங்கு பிரித்தது. எஞ்சியிருந்தவர்களுக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாத முதியவர் ஒருவருக்குத் தான் எந்தத் தோட்டத்தில், யாருக்குப் பிறந்தவர் என்று காட்ட, ஞானஸ்நான ஏட்டில் ஒரு குருவானவர் மையால் எழுதிய ஒற்றை வரியே ஆதாரமாக இருக்கக் கூடும். தோட்டத் தமிழர்களுக்கான அங்கிலிக்கன் மிஷன் தொடங்கியது 1854இல். அப்படியானால் சில அலுமாரிகளில் இருப்பது ஐந்தாறு தலைமுறைகளின் வரலாறு.

முழுக்க நனைந்து உப்பியிருக்கும் ஏட்டைத் திறக்காதீர்கள். மூடியபடியே இரு கைகளாலும் பிடித்து, ஒரு தட்டில் உள்ள சுத்தமான தண்ணீரில் மேலட்டைச் சேற்றை மட்டும் மென்மையான பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. மை கரைந்து நீலமாகவோ கபிலமாகவோ தண்ணீரில் இறங்கினால் கழுவுவதை உடனே நிறுத்துங்கள். பின்பு மெழுகுத்தாளில் தனித்தனியாகச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, முதுகுப்பக்கம் கீழே இருக்கும்படி பெட்டியில் அடுக்கி, ஆழ்குளிர்ப் பெட்டியில் வையுங்கள். நகரத்தில் மீன் கடையோ ஐஸ்கிரீம் கடையோ கோழிக்கடையோ வைத்திருப்பவர் கேட்டால் இடம் தருவார். உறைநிலையில் பூஞ்சணம் வளராது, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதும் நின்றுவிடும். அதன்பின் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத் திணைக்களத்திடம் ஆலோசனை கேட்க உங்களுக்கு நேரம் கிடைத்துவிடும்.

ஓரங்கள் மட்டும் நனைந்த ஏடுகளை நிமிர்த்தி, விசிறிபோல் விரித்து நிறுத்துங்கள். பத்து இருபது பக்கங்களுக்கு ஒருமுறை எழுத்தில்லாத வெள்ளைத் தாளைச் செருகி, அது நனைந்ததும் மாற்றுங்கள். பத்திரிகைத் தாளின் அச்சு மை ஏட்டில் ஒட்டும் என்பதால் அதைத் தவிருங்கள். வெயிலில் வைப்பது, அடுப்பங்கரையில் வைப்பது, முடி உலர்த்தும் கருவியைப் பிடிப்பது மூன்றும் தாளைச் சுருக்கிவிடும். நிழல், மெல்லிய காற்று, பொறுமை போதும். காய்ந்ததும் முதல் வேலையாக ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியிலாவது படமெடுத்து, மறைமாவட்ட அலுவலகத்தில் ஒரு பிரதி, சபையில் ஒரு பிரதி என்று இரண்டு இடங்களில் வையுங்கள்.

சேற்றை அள்ளுதல்

அள்ளத் தொடங்குமுன் படமெடுங்கள்: ஒவ்வொரு சுவரும், ஒவ்வொரு மூலையும், தண்ணீர் நின்ற உயரத்தின் கறைக்கோடும். அந்தக் கோட்டை அளவுநாடாவால் அளந்து, திகதியுடன் எழுதி வையுங்கள். காப்புறுதிக்கும் நிவாரணத்துக்கும் மறைமாவட்டத்துக்கும் பிற்பாடு இதுவே ஆதாரம்.

சேறு ஈரமாக இருக்கும்போதே அள்ள வேண்டும். இறுகிவிட்டால் கூந்தாலியால் கொத்த நேரும், கொத்தினால் தரையும் சேர்ந்து பெயரும். சரிவுப் பக்கத்திலிருந்து வந்த மண் ஒரு சுவரின் ஒரே பக்கத்தில் மூன்று நான்கு அடி குவிந்திருந்தால், அந்தச் சுவர் பெரும் அழுத்தத்தைத் தாங்கி நிற்கிறது. உள்ளேயும் மண் இருந்தால், அதை முழுவதும் அள்ளிவிட்டு வெளியே வராதீர்கள். உள்ளே ஒரு அடி, வெளியே ஒரு அடி என்று மாறி மாறி இறக்குங்கள். மேட்டுப் பக்கத்தில் யாரும் தனியாக நிற்க வேண்டாம்.

அள்ளிய சேற்றை ஒரு சல்லடை வழியாக விடுவது நல்லது. வண்ணக் கண்ணாடித் துண்டுகள், பித்தளை நினைவுப் பலகையின் திருகாணிகள், உடைந்த தரையோட்டின் துண்டுகள் எல்லாம் அதில் கிடைக்கும். ஒரு பழைய ஓட்டின் கால்வாசி இருந்தால்கூட, அதே மாதிரியைச் செய்விக்க அது உதவும். மலக்குழிகள் உடைந்து கலந்த சேறு என்பதால் அதை ஆற்றிலோ கானிலோ கொட்டாமல், பிரதேச சபை காட்டும் இடத்துக்கு அனுப்புங்கள்.

கழுவும்போது வேகமாகப் பீய்ச்சும் இயந்திரத்தைப் பயன்படுத்த வேண்டாம்; சுண்ணாம்புச் சாந்தை அது தோண்டி எடுத்துவிடும். சாதாரணக் குழாய், தும்புத் தூரிகை, சவர்க்காரத் தண்ணீர் போதும். குளோரின் கரைசலைத் தரை போன்ற கடினமான பரப்புகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு அதைக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

அனுமதியும் பணமும்

சுவர் காயத் தொடங்கும் காலத்தில் கடித வேலைகளை முடித்துக்கொள்ளலாம். கட்டடம் வர்த்தமானியில் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருந்தால், தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியின்றி ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது. ஆலயம் தோட்டக் காணிக்குள் இருந்தால், கான் வெட்டவும் மதில் கட்டவும் தோட்ட நிர்வாகத்தின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு, மூன்று பேர் கையொப்பம், மாதம் ஒருமுறை சபைக்கு முன் கணக்கு வாசிப்பு. முழுக் கூலியையும் முன்பணமாகக் கொடுக்க வேண்டாம்.

காய விடுதல்

இதுதான் முழு வேலையின் இதயம். ஒப்பந்தக்காரர் யாரும் இதற்குப் பில் போடுவதில்லை. அதனால்தான் எல்லோரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

நனைந்த சுவர் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் என்ற கணக்கில் காயும் என்பது பழைய கட்டடங்களோடு பழகியவர்களின் தோராயமான அளவு. மலையகத்துக் கல் ஆலயங்களின் சுவர் ஒன்றரை அடி, இரண்டு அடி இருக்கும். இரு பக்கமும் காற்றுப்பட்டால் விரைவாகக் காயும். ஒரு பக்கம் மண்ணோடு ஒட்டியிருந்தால் இன்னும் நீளும். ஆகவே ஒரு வருடத்துக்கு மேலாகலாம் என்ற மனநிலையோடு தொடங்குங்கள்.

காற்று சுவரைத் தொட வழி செய்யுங்கள். நம் ஆலயங்களில் தோள் உயரத்துக்கு எனாமல் பெயின்ட் அடிக்கும் வழக்கம் உண்டு. குழந்தைகளின் கைப்படும் அழுக்கைத் துடைக்க அது வசதிதான். ஆனால் நனைந்த சுவருக்கு அது ஒரு றப்பர் உறை. அதைச் சுரண்டி எடுங்கள். பின்னாளில் யாரோ பூசிய சீமெந்துப் பூச்சு இருந்தால், வெள்ளக் கோட்டுக்கு ஒன்றிரண்டு அடி மேல் வரை மெதுவாகத் தட்டி அகற்றுங்கள். மரத்தளம் இருந்தால் ஒவ்வொரு சுவரோரத்திலும் சில பலகைகளைக் கழற்றி, கீழே படிந்த வண்டலை அள்ளி, அப்படியே திறந்து விடுங்கள்.

யன்னல்களை எந்நேரமும் திறந்து வைப்பதும் தவறு. மலையில் பிற்பகல் மூடுபனி இறங்கினால் அது சுவருக்கு ஈரத்தைத் திரும்பக் கொடுக்கும். வெயில் ஏறியதும் திறந்து, பனி வருமுன் மூடுவதற்கு ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். எரிவாயு அடுப்பை மூட்டிக் காயவைக்க முயல வேண்டாம். எரியும் வாயுவிலிருந்தே நீராவி வரும், மரமும் வெடிக்கும். சுவரில் வெள்ளையாக உப்புப் பூத்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி, விழுந்த தூளை அள்ளி வெளியே போடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளேயே போகும்.

காய்ந்துவிட்டதா என்று அறியக் கருவி வேண்டியதில்லை. ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் இறுக ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. தரைக்கு அருகில், இடுப்பளவில், தலைக்கு மேலே என்று மூன்று உயரங்களில் மாதம் ஒருமுறை செய்து எழுதி வாருங்கள். அந்தப் பட்டியலைக் காட்டினால், இன்னும் எத்தனை நாள் என்று கேட்பவர்களும் அமைதியாவார்கள்.

பூச்சு வேலைக்கான காலத்தைப் பருவம் பார்த்துக் குறியுங்கள். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வரட்சி. மே முதல் தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை உள்ளிட்ட ஊவாப் பக்கம் ஜூன் முதல் செப்டெம்பர் வரை வரண்டிருக்கும்; வடகீழ்ப் பருவமழையின் ஈரம் ஜனவரியிலும் தொடரும். ஹட்டனில் வெற்றியான திகதியைப் பதுளையில் பின்பற்ற முடியாது.

அதுவரை ஆராதனை எங்கே? பாடசாலை மண்டபத்தில் நடத்தலாம், கூடாரத்தில் நடத்தலாம். பொறியியலாளர் சம்மதித்தால், பூச்சு இல்லாத கல்சுவருக்கு நடுவிலேயே பிளாஸ்டிக் கதிரை போட்டு நடத்தலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு

டிக்கோயாவின் வார்லி கிறிஸ்து ஆலயம் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அந்தக் காலத்து மலையகக் கட்டடங்களைச் சுண்ணாம்புச் சாந்தோ களிமண் சாந்தோதான் கட்டி நிறுத்தியது. இத்தகைய சுவர் மழையில் கொஞ்சம் ஈரத்தை வாங்கி, வெயிலில் மூட்டுகளின் வழியாக விட்டுவிடும். சீமெந்தால் மூட்டுகளை அடைத்தால் ஈரம் உள்ளே சிறைப்படும், உப்பு கல்லின் முகத்தை உரிக்கும், சுவருக்குள் புதைந்த வளைகளின் (கூரையைத் தாங்கும் மரங்களின்) முனைகள் உளுத்துப்போகும். வெளியே சுவர் புதிதுபோல் மின்னும். உள்ளே நடப்பது சில வருடங்களுக்குத் தெரியாது. பிற்காலத்தில் கொங்கிரீற் கல்லால் கட்டிய ஆலயங்களுக்கு இந்த விதி பொருந்தாது. அங்கே சீமெந்தே சரி. ஆனால் காயும் காலம் அவற்றுக்கும் உண்டு. கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

களிமண் சாந்தில் கட்டிய சுவருக்கு வெள்ளம் ஒரு தனி ஆபத்து. வெளியே மூட்டு பூசியிருக்கும். உள்ளே களிமண் கரைந்து ஓடியிருக்கும். சுத்தியல் பிடியால் சுவரை ஒவ்வொரு சாணாகத் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் கணீரென்று பதில் சொல்லும். பொத்தென்ற சத்தம் வரும் இடத்தில் வெற்றிடம் இருக்கிறது. அங்கே சோக்குக் கட்டியால் வட்டமிடுங்கள். முழுச் சுவரையும் தட்டி முடித்தபின் தள்ளி நின்று பார்த்தால், வட்டங்கள் பெரும்பாலும் வெள்ளக் கோட்டுக்குக் கீழே கூட்டமாக நிற்கும். அந்த இடங்களில் சிறு துளையிட்டு, குழைவான சுண்ணாம்புக் கரைசலைப் புனல் வைத்துத் தானாக இறங்கும் வேகத்தில் ஊற்றுங்கள். கீழிருந்து தொடங்கி, ஒரு வரிசை இறுகச் சில நாள் விட்டு, மேல் வரிசைக்குப் போங்கள். பம்பால் அழுத்தினால் சுவர் வயிறு தள்ளும். அகன்ற மூட்டுகளில் சாந்தை மட்டும் அப்பாமல் சிறு கற்களைச் செருகி அடையுங்கள்.

சுண்ணாம்பை முன்கூட்டியே நீற்றி வைக்க வேண்டும். சுவர் காயும் மாதங்கள் அதற்குத்தான். தொட்டியில் தண்ணீர் வைத்து அதில் சுட்ட சுண்ணாம்புக் கல்லைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை இல்லாமல் யாரும் அருகில் நிற்கக் கூடாது. திகன, மாத்தளைப் பக்கத்து டொலமைட் சுண்ணாம்பில் மக்னீசியம் கலந்திருப்பதால் அது மெதுவாகவே நீறும். மூன்று மாதமாவது தண்ணீருக்கடியில் ஊறட்டும். நீறாத துணுக்கு சுவரில் போனால் பிற்பாடு பொரிந்து பூச்சைத் தள்ளும்.

ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய சொரசொரப்பான மணல். வெள்ளத்துக்குப் பின் கிடைக்கும் ஆற்று மணலில் வண்டல் அதிகம். ஒரு போத்தலில் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மேலே தடித்த மண்படலம் படிந்தால் மீண்டும் கழுவ வேண்டும். தரைக்கு அருகில் ஈரம் நிற்கும் பகுதிக்கு நன்கு சலித்த செங்கற்பொடியைச் சேர்த்தால் சாந்து நனைந்த நிலையிலும் இறுகும். ஒரு பூச்சு 10 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். நகத்தால் கீறினால் பதியாத நிலை வந்தபின் அடுத்த பூச்சு. ஈரச் சாக்கால் மூடி ஒரு வாரமாவது காத்து வாருங்கள். மலையின் குளிர்ந்த காற்று இந்த ஒரு வேலைக்கு நல்ல துணை.

மேசன்மார் சிலர் இதற்கு இணங்க மாட்டார்கள். “ஐயா, ஒரு மூடை சீமெந்து கலந்தால்தான் பிடிக்கும்” என்பார்கள். அவர்கள் பழகிய வேலை அது, அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். கண்ணில் படாத மூலையில் ஒரு சதுர மீற்றர் அளவுக்குச் சுண்ணாம்பு பூசி, சில வாரம் விட்டு, அவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்திலும் சீமெந்து கலக்கக் கூடாது என்று ஒரு வரி எழுதுங்கள். பூச்சுக்கு மேல் பால்போல் நீர்த்த சுண்ணாம்பை நான்கைந்து தடவை அடியுங்கள். பிளாஸ்டிக் கலந்த பெயின்ட் அடித்தால் இவ்வளவு உழைப்பும் வீண்.

மரமும் மின்சாரமும் மற்றவையும்

வாங்குகளை வெயிலில் இழுத்துப் போடாதீர்கள், பலகை முறுக்கிக்கொள்ளும். கழுவி, நிழலில், இடையிடையே சலாகைத் துண்டு வைத்து அடுக்குங்கள். பசை விட்ட மூட்டுகளைக் காய்ந்தபின் தச்சர் திரும்ப ஒட்டட்டும். காய்ந்துவிட்டதா என அறிய, அதே மரத்தின் ஒரு துண்டை ஞாயிறுதோறும் தராசில் நிறுத்துப் பாருங்கள்; எடை குறைவது நின்றால் வேலைக்குத் தயார். வளை, கைமரம் ஆகியவற்றின் முனைகள் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியால் குத்துங்கள். மெத்தென்று இறங்கினால் அந்த முனையை வெட்டிப் புது மரம் பொருத்த வேண்டும். ஈர மரத்தைத் தேடிக் கறையான் வரும், அதையும் கவனியுங்கள்.

நனைந்த சுவிட்சு, பிளக், மின்பலகை எதையும் காயவைத்துப் பயன்படுத்த வேண்டாம், எல்லாவற்றையும் மாற்றுங்கள். புதிய பிளக்குகளை வெள்ளக் கோட்டுக்கு மேலே வையுங்கள், மின்கசிவு ஏற்பட்டால் தானாக அணையும் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம்.

ஆர்மோனியத்தை வாசித்துப் பார்க்க வேண்டாம். ஈரத்தோடு துருத்தியை இழுத்தால் தோல் கிழியும். வண்ணக் கண்ணாடியின் ஈயச் சட்டம் வளைந்திருந்தால் இரு பக்கமும் பலகை கொடுத்து நிறுத்தி, தெரிந்தவர் வரும்வரை விடுங்கள். மணியை அடிக்குமுன் அது தொங்கும் சட்டத்தைச் சோதியுங்கள்.

கானும் மதிலும்

வெள்ளம் வந்த வழி அப்படியே இருந்தால் அடுத்த மழைக்கு அதே வழியில் வரும். ஆலயத்தின் மேட்டுப் பக்கத்தில் தண்ணீரைத் திசைதிருப்பும் கான் ஒன்று வேண்டும். இது தோட்டத்து மக்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலை இல்லை. கான் வெட்டி மலையைக் காத்தவர்களே அவர்கள்தான். எந்தக் கான் எப்போது தூர்ந்தது என்று ஊரின் மூத்த தொழிலாளர்களைக் கேட்டுத் திட்டமிடுங்கள். தண்ணீர் போய்ச் சேரும் இடம் இன்னொரு லயத்தின் முற்றமாக இருந்துவிடக் கூடாது. பாதுகாப்பு மதிலில் தண்ணீர் கசிந்து வெளியேறத் துளைகளும், பின்னால் சரளைக் கல் நிரப்பும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் தேங்கும் தண்ணீரே மதிலைத் தள்ளும். கல்லறைத் தோட்டத்தின் சரிவில் வெட்டிவேர் நடுங்கள்.

ஆலய வளவில் ஒரு மழைமானி வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 தாண்டினால் தயார்நிலை, 150 தாண்டினால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் அளவு. சரிவுப் பக்கத்தில் ஆலயம் இருந்தால், மழை இரவில் அதைத் தங்குமிடமாகத் திறக்குமுன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

கூரைப் பீலி, கான், மதில் துளை மூன்றையும் வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல் இறுதியிலும் செப்டெம்பர் இறுதியிலும், துப்புரவு செய்ய ஆள் பெயரோடு சபைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வெள்ளக் கோட்டின் அளவு, படங்கள், பிளாஸ்டிக் தாள் சோதனைப் பட்டியல், சாந்துக் கலவையின் விகிதம், வேலை செய்த மேசன் எந்தத் தோட்டத்தவர் என்ற குறிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் இட்டு, பதிவேடுகள் இருக்கும் அலுமாரியில் வையுங்கள். அந்த அலுமாரியின் அடித்தட்டு இனி வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும்.